வளையல் துண்டும் 3 கண்ணாடிப் பட்டையும்: கையால் செய்யும் கலைடாஸ்கோப்பில் கோணம் தவறினால் என்ன ஆகும்?

ஆடி 18 வந்தால் கொல்லிமலையில் கூட்டம் அலைமோதும். வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை என்று மலை முழுக்க ஆட்கள். திருவிழா என்றால் வளையல் கடை இல்லாமல் இருக்குமா? வாங்கிய வளையலில் பாதி, பஸ்ஸில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் உடைந்துவிடும். அந்த உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

வளையல் துண்டு, மூன்று கண்ணாடிப் பட்டை, ஒரு குழாய். இவ்வளவு இருந்தால் கலைடாஸ்கோப் ரெடி என்றுதான் நமக்குப் பள்ளியில் சொன்னார்கள். பலர் செய்தும் பார்த்திருப்போம். சிலருக்குப் பூ மாதிரி அழகான உருவம் வந்தது. சிலருக்கு மங்கலாக, ஒரு பக்கம் கோணிக்கொண்டு, நடுவில் கீறல் விழுந்த மாதிரி வந்தது. "எனக்குக் கைவேலை வராது" என்று நினைத்து விட்டுவிட்டோம்.

உண்மையில் தப்பு கையில் இல்லை. அளவில்தான். அதுவும் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். அந்த ஒரு மில்லிமீட்டர் என்ன செய்கிறது, நல்ல கலைடாஸ்கோப்பையும் சுமாரானதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, வளப்பூர் நாடு மாதிரியான மலைக் கிராமத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்தே அதை எப்படிச் சரியாகச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தது யார்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ்டர். 1781-ல் பிறந்த இயற்பியலாளர். ஒளியைப் பற்றிப் படித்தவர்களுக்கு 'புரூஸ்டர் கோணம்' என்ற பெயர் நினைவிருக்கும். அதே ஆள்தான்.

கண்ணாடித் தட்டுகளுக்கு இடையே ஒளி மீண்டும் மீண்டும் பட்டுத் திரும்பும்போது என்ன ஆகிறது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது மெழுகுவர்த்தியின் பிம்பங்கள் ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கியது போலத் தெரிந்தன. அதைத் தொடர்ந்து 1816-ல் கருவியாக வடித்தார். 1817-ல் காப்புரிமை வாங்கினார். பெயரும் அவர் வைத்ததுதான். கிரேக்க மொழியில் அழகு, உருவம், பார்த்தல் ஆகிய மூன்று சொற்களை ஒட்டவைத்தால் கலைடாஸ்கோப். 'அழகிய உருவங்களைப் பார்க்கும் கருவி' என்று பொருள்.

காப்புரிமை இருந்தும் அவர் ஏன் சம்பாதிக்கவில்லை?

ஸ்டார்ட்-அப் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

காப்புரிமை வேலைகள் முடிவதற்கு முன்பே மாதிரிக் கருவி லண்டனில் கருவி செய்பவர்களின் கண்ணில் பட்டுவிட்டது. பார்த்தவர்களுக்கு உடனே புரிந்தது: ஒரு தகரக் குழாய், இரண்டு கண்ணாடி, கொஞ்சம் வண்ணத் துண்டு. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே! லண்டனிலும் பாரிஸிலும் நகல்கள் குவிந்தன. மூன்றே மாதங்களில் இந்த இரண்டு நகரங்களிலும் சேர்த்து 2 லட்சம் கருவிகள் விற்றன என்பது புரூஸ்டரே பிறகு சொன்ன கணக்கு. முறையாகத் தயாரிக்க அவர் அனுமதித்த பிலிப் கார்பென்டர் என்ற தயாரிப்பாளரால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கண்டுபிடித்தவருக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் புரூஸ்டரைப் பணத்தைவிட அதிகமாக உறுத்தியது வேறொன்று. விற்ற அந்த லட்சக்கணக்கான கருவிகளில் அறிவியல் விதிப்படி சரியாகச் செய்யப்பட்டவை ஆயிரம்கூடத் தேறாது என்று அவர் வருத்தப்பட்டார். மற்றவர்கள் வெளித்தோற்றத்தை நகல் எடுத்தார்கள். உள்ளே இருந்த கோணத்தை எடுக்கவில்லை. மக்களும் அந்த அரைகுறைப் பொம்மையைப் பார்த்துவிட்டு, 'கலைடாஸ்கோப் என்றால் இவ்வளவுதான் போல' என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் 1819-ல் அவர் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். எப்படிச் செய்தால் சரியாக வரும் என்பதுதான் அதன் மையப் பொருள். 200 வருடம் கழித்து, திருவிழாக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துப் பார்த்தாலும் அவர் சொன்ன அதே குறைகள்தான் இருக்கின்றன.

அந்த விதிகள் என்ன?

மூன்றே மூன்று. கையால் செய்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை.

ஒன்று, கண்ணாடிகளுக்கு இடையே உள்ள கோணம் 360 டிகிரியை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். வகுத்து வரும் விடை இரட்டைப்படையாக இருக்க வேண்டும்.

இரண்டு, வண்ணத் துண்டுகள் கண்ணாடிகளின் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி கூடாது.

மூன்று, பார்க்கும் கண், கண்ணாடிகள் ஒன்றையொன்று தொடும் மூலைக்கு எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும்.

கோணத்தில் ஏன் இவ்வளவு கறார்?

முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டை எடுத்து, புத்தகம் மாதிரி விரித்து நிறுத்துங்கள். நடுவில் ஒரு மிளகை வையுங்கள். விரிப்பைக் குறைக்கக் குறைக்க மிளகுகளின் எண்ணிக்கை கூடும்.

கண்ணாடிகள் 60 டிகிரியில் இருந்தால் 360-ஐ 60-ஆல் வகுக்க 6. அதாவது வட்டம் 6 பகுதிகளாகப் பிரிகிறது. ஒரு பகுதியில் உண்மையான மிளகு, மற்ற ஐந்தில் பிம்பம். 45 டிகிரி என்றால் 8 பகுதி. 36 டிகிரி என்றால் 10. 30 டிகிரி என்றால் 12.

சரி, 50 டிகிரி வைத்தால்? 360-ஐ 50-ஆல் வகுத்தால் 7.2 வரும். 7 பகுதி முழுதாக இருக்கும். எட்டாவதாக ஒரு கீற்று மட்டும் எட்டிப் பார்க்கும். கோலத்தில் கடைசிப் புள்ளி வரிசையில் ஒரு புள்ளி இடம் தவறினால் மொத்தக் கோலமும் இழுத்துக்கொண்டு போகுமே, அதே கதை.

72 டிகிரி வைத்தால் சரியாக 5 வருகிறதே, அது ஏன் கூடாது? இங்கேதான் 'இரட்டைப்படை' விதி வருகிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் இடம்-வலம் மாறியிருக்கும். அதன் பிம்பம் மறுபடியும் நேராகிவிடும். ஆக, வட்டத்தைச் சுற்றி நேர், மாற்று, நேர், மாற்று என்றுதான் பகுதிகள் வரிசையாக நிற்கும். 5 பேரை வட்டமாக நிறுத்தி, ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றி நிற்கச் சொன்னால் எங்கேயாவது ஓரிடத்தில் ஒரே ரகம் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிடுவார்கள், இல்லையா? அந்த இடத்தில்தான் உருவம் சேராமல் வெட்டியது போலத் தெரியும்.

இந்தச் சமச்சீர் விஷயம் நம் வாசலுக்குப் புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் கோலங்களைக் கணித இலக்கணமாக எழுத முடியும் என்று காட்டி 1974-ல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். கோலம் போடுகிற கைக்குத் தெரிந்த ஒழுங்கைத்தான் கலைடாஸ்கோப்பில் கண்ணாடிகள் செய்கின்றன.

2 கண்ணாடியா, 3 கண்ணாடியா?

இரண்டுமே சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு காட்சி தரும்.

இரண்டு கண்ணாடி வைத்தால் கருப்புப் பின்னணியில் ஒற்றைப் பூ அல்லது நட்சத்திரம் தெரியும். மூன்றாவது பக்கத்தைக் கருப்பு அட்டையால் மூடிவிட வேண்டும். புரூஸ்டரின் அடிப்படைக் கருவி இந்த வகைதான்.

மூன்று கண்ணாடி வைத்தால் முடிவே இல்லாமல் விரிந்துகொண்டே போகும் தரை ஓடு மாதிரியான வடிவம் கிடைக்கும். பள்ளியில் நாம் செய்வது இது. இதில் ஒரு சுவாரஸ்யமான கட்டுப்பாடு இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளும் மேலே சொன்ன கோண விதிக்கு உட்பட வேண்டும். மூன்றும் கூட்டினால் 180 டிகிரியும் வர வேண்டும். இதற்குப் பொருந்தும் முக்கோணங்கள் மூன்றே மூன்றுதான்: 60-60-60, 45-45-90, 30-60-90. நான்காவதாக ஒன்று கிடையாது. வேறு எந்த முக்கோணத்தில் கண்ணாடியை வைத்தாலும் எங்கேயாவது ஒரு மூலையில் உருவம் சேராது.

முதல் முறை செய்பவர்களுக்கு 60-60-60 தான் நல்லது. மூன்று பட்டையும் ஒரே அகலம், அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்?

நீண்ட காலம் பயன்பாட்டில் இருந்த என்.சி.இ.ஆர்.டி. 8-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் சொல்லியிருக்கும் அளவு: 15 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் மூன்று கண்ணாடிப் பட்டைகள். தமிழ்நாடு பாடநூலிலும் 8-ஆம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் பெரிஸ்கோப்போடு கலைடாஸ்கோப்பும் வரும். இந்த அளவையே வைத்துக்கொள்வோம்.

கண்ணாடிப் பட்டை: சாமி படத்துக்கு பிரேம் போடும் கடையில் கேளுங்கள். வெட்டி மிச்சமான ஓரத் துண்டுகள் அங்கே கிடக்கும். மூன்று பட்டையையும் ஒரே கண்ணாடியிலிருந்து, ஒரே ஆளை, ஒரே நேரத்தில் வெட்டச் சொல்லுங்கள். அகலம் மூன்றிலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். 4 செ.மீ. சரியாக வராமல் 3.9 வந்தால்கூடப் பரவாயில்லை, மூன்றும் 3.9 ஆக இருக்க வேண்டும்.

குழாய்: 2 அங்குல பிவிசி குழாயின் வெட்டுத் துண்டு போதும். கெட்டி அட்டைக் குழாயும் சரி. மலையில் இருப்பவர்கள் மூங்கிலில் செய்து பார்க்கலாம். அப்போது முதலில் மூங்கிலின் உள்விட்டத்தை அளந்து, அதில் முக்கால் பங்கு அகலத்துக்குப் பட்டையை வெட்டச் சொல்லுங்கள். 4 செ.மீ. உள்விட்டம் என்றால் 3 செ.மீ. பட்டை. 3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். குழாய் எதுவாக இருந்தாலும் பட்டையைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். வண்ணத் துண்டுக்கான அறை அந்தக் கூடுதல் நீளத்தில்தான் அமையும்.

வளையல் துண்டு: கண்ணாடி வளையலாக இருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் இந்த வளையல்களுக்குப் பெயர்போன ஊர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊடுருவாத வளையல் உள்ளே போனால் வெறும் கருப்பு நிழலாகத்தான் தெரியும். ஜிகினா ஒட்டிய வளையல்களும் அப்படித்தான்.

இவை தவிர, வட்டமாக வெட்டிய இரண்டு ஒளிபுகும் தகடுகள். ஒன்று தெளிவானது, இன்னொன்று பால் போல மங்கலானது. மங்கலான தகடு வெளிப்பக்கம் வர வேண்டும். வெளியே இருக்கும் மரமும் சுவரும் உள்ளே தெரியாமல், வெளிச்சம் மட்டும் பரவலாக உள்ளே வர அது உதவும். தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் உப்புத்தாளைத் தேய்த்தாலே மங்கலான தகடு கிடைத்துவிடும்.

எப்படிச் செய்வது?

பட்டைகளின் ஓரத்தை முதலில் நனைத்த உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள். தண்ணீர் விட்டுத் தேய்ப்பது கட்டாயம். கண்ணாடித் தூள் காற்றில் பறந்து மூச்சில் போகக் கூடாது. பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் இந்த வேலையைப் பெரியவர்கள் முடித்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் கண்ணாடித் தகடு வாங்கிக்கொள்ளலாம்.

மேஜையில் மூன்று பட்டையையும் முகம் கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்கள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். கண்ணாடியின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம். முதுகில் குறுக்காக டேப் ஒட்டுங்கள். இப்போது பாய் மாதிரி மடக்கினால் முக்கோணம் தானாக வரும். முகம் உள்ளே பார்க்கும். மூன்று மூலைகளிலும் உள் விளிம்புகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, சுற்றிலும் டேப் போடுங்கள்.

அப்படியே குழாய்க்குள் நுழைத்து, ஆடாமல் இருக்கக் காகிதம் திணியுங்கள். ஒரு முனையில் நடுவில் துளையுள்ள அட்டை. துளை சிறியதாக இருப்பது நல்லது. மறு முனையில் தெளிவான தகடு. அது கண்ணாடிப் பட்டைகளின் நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது விதி நினைவிருக்கிறதல்லவா? அதன்மேல் வளையல் துண்டுகள். சுமார் 1 செ.மீ. இடம் விட்டு மங்கலான தகடு.

வளையல் துண்டை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அறையில் பாதிக்கு மேல் நிரம்பினால் துண்டுகள் நகராது. குழாயைத் திருப்பினால் 'சலசல' என்று விழ இடம் இருக்க வேண்டும்.

நட்சத்திரம் வேண்டும் என்றால்?

அப்படியானால் இரண்டு கண்ணாடி முறை. 4 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டு. மூன்றாவது பக்கத்துக்குக் கருப்பு அட்டை. கோணமானியே வேண்டாம், அட்டையின் அகலம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது.

அட்டை 3.06 செ.மீ. என்றால் 45 டிகிரி. 8 பகுதி, 4 முனை நட்சத்திரம்.
அட்டை 2.47 செ.மீ. என்றால் 36 டிகிரி. 10 பகுதி, 5 முனை நட்சத்திரம்.
அட்டை 2.07 செ.மீ. என்றால் 30 டிகிரி. 12 பகுதி, 6 முனை நட்சத்திரம்.

இப்போது அந்த ஒரு மில்லிமீட்டர் விஷயத்துக்கு வருவோம். 5 முனை நட்சத்திரத்துக்கான அட்டையை 2.47-க்குப் பதில் 2.57 ஆக வெட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோணம் 36-லிருந்து ஏறக்குறைய 37.5 ஆகிவிடும். ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தவறு 10 பகுதிகளிலும் திரும்பத் திரும்பச் சேர்கிறது. கடைசியில் 15 டிகிரி இடறும். நட்சத்திரத்தின் ஒரு கை நசுங்கிப்போனதுபோல் தெரிவது அதனால்தான்.

சரிசெய்வதும் எளிது. அட்டையை ஒட்டுவதற்கு முன் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே அதைச் சன்னமாகத் தேய்த்துக் குறையுங்கள். நசுங்கிய கை விரிந்து மற்றவற்றோடு சமமாக வரும் நொடியில் நிறுத்துங்கள். கைவினை என்று சொல்வது இந்த நொடியைத்தான். எந்த அளவுகோலையும்விட உங்கள் கண் இதில் துல்லியமானது.

சாதாரணக் கண்ணாடியில் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

ஒரு சின்னச் சோதனை. உங்கள் வீட்டு முகக் கண்ணாடியில் விரல் நுனியை வையுங்கள். விரலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரிகிறதா? அது கண்ணாடியின் தடிமன் செய்யும் வேலை. பளபளக்கும் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. ஒளி கண்ணாடிக்குள் போய், பின்னால் பட்டு, திரும்பி வர வேண்டும். முன்பக்க மேற்பரப்பிலும் கொஞ்சம் ஒளி திரும்பிவிடும். அதனால்தான் ஒரே வளையல் துண்டு நிழலோடு இரட்டையாகத் தெரிகிறது. மூலைகளில் மெல்லிய கருங்கோடும் விழுகிறது.

அதோடு ஒவ்வொரு முறை படும்போதும் கொஞ்சம் ஒளி குறையும். ஒரு கண்ணாடி 90% ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 முறை பட்டுத் திரும்பினால் மிஞ்சுவது 59%. 10 முறை என்றால் 35% தான். அதுவே 95% திருப்பும் கண்ணாடியாக இருந்தால் 10 முறைக்குப் பிறகும் 60% இருக்கும். வெறும் 5% வித்தியாசம், கடைசியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சம்!

அதனால் கைதேர்ந்த கலைடாஸ்கோப் கலைஞர்கள் பூச்சு முன்பக்கமே இருக்கும் கண்ணாடியைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதில் விரலை வைத்தால் பிம்பம் விரலை நேரே தொடும். நம் பக்கத்து மாநிலத்தில் இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமே இருக்கிறது: கேரளத்தின் ஆரன்முளா கண்ணாடி. அதில் கண்ணாடியே கிடையாது. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வார்த்து, நாள்கணக்கில் கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. இதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவில் பகுதியிலிருந்து போனவர்கள் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு.

ஆரன்முளா கண்ணாடியை வாங்கிக் கலைடாஸ்கோப் செய்ய நம் பட்ஜெட் இடம் தராது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பழுதாகிப்போன பழைய ஸ்கேனரைப் பிரித்தால் பல மாடல்களில் உள்ளே நீளமான, குறுகலான கண்ணாடிப் பட்டைகள் இருக்கும். முன்பக்கப் பூச்சுள்ளவை, பட்டை வடிவமும் தயார். ரிப்பேர் கடைகளிலும் பழைய எலெக்ட்ரானிக் சாமான் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், பூச்சில் கீறல் விழுந்துவிடும்.

கண்ணாடிக் கடையே பக்கத்தில் இல்லை என்றால்?

கொல்லிமலையில் இருந்து சமவெளிக்கு இறங்கி ஏறுவது என்பது ஒரு நாள் வேலை. அப்படிப்பட்ட இடத்துக்கும் ஒரு வழி உண்டு.

மழை பெய்த தார்ச்சாலையை மாலையில் தூரமாகப் பாருங்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு அதில் கண்ணாடி போல மின்னும். காலடியில் குனிந்து பார்த்தால் வெறும் தார்தான். ஒளி சாய்வாகப் படப்பட, வழவழப்பான எந்தப் பரப்பும் அதிக ஒளியைத் திருப்பி அனுப்பும். கலைடாஸ்கோப் குழாய்க்குள் ஒளி படுவதும் இப்படி மிகச் சாய்வாகத்தான். ஆகவே வெறும் கண்ணாடிப் பட்டையின் பின்புறம் கருப்புக் காகிதம் ஒட்டினாலே வேலை நடக்கும். பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு வைத்திருக்கும் கண்ணாடி வில்லை மூன்று போதும். வெளிச்சம் சற்றுக் குறையும். ஆனால் பிம்பம் முன்பக்கப் பரப்பிலிருந்தே வருவதால் கூர்மையாக இருக்கும்.

இன்னும் சுலபமான வடிவம் வேண்டுமா? வளையல் அறையையே விட்டுவிடுங்கள். வெறும் முக்கோணக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். மிளகுக் கொத்து, காபிப் பழம், அன்னாசியின் தோல், பலாவின் முள் என்று எதன்மேல் வைத்துப் பார்த்தாலும் ஒரு கோலம் விரியும். பொருளைக் கூட்டின் நுனியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வளப்பூர் நாட்டில் கலைடாஸ்கோப் ஒரு மரபுக் கைவினை கிடையாது. ஆனால் அதற்குள் வைத்துப் பார்க்கத் தகுந்த பொருள்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

போனிலேயே ஆப் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. ஆப் ஒரு முக்கோணத்தை வெட்டி, அதைக் கணக்குப் போட்டுச் சுற்றிலும் ஒட்டுகிறது. எப்போதும் சரியாகவே வரும். அதுதான் பிரச்சினையும்கூட. தவறு வராத இடத்தில் கோணம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

கையில் செய்யும்போது ஒரு பிள்ளைக்கு நட்சத்திரம் நசுங்கித் தெரிகிறது. ஏன் என்று கேட்கிறது. அட்டையைத் தேய்க்கிறது. சரியாகிறது. '360-ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் நாளைக்கு மறந்துபோகும் விஷயம், அந்த நிமிடத்தில் கைக்குள் போய்விடுகிறது.

ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, 1970-களிலேயே கிராமப் பள்ளி அறிவியல் பக்கம் திரும்பிய அர்விந்த் குப்தா இதையேதான் வாழ்நாள் முழுக்கச் செய்தார். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் ஆகியவற்றில் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டி, 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' திட்டம் தொடங்கப்பட்டது. 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கலைடாஸ்கோப் இந்த மூன்று வகுப்புகளுக்கும் அளவெடுத்துத் தைத்தது போன்ற பாடம். ஒளியும் இருக்கிறது, கோணமும் இருக்கிறது, வகுத்தலும் இருக்கிறது. மலை மேல் கருவி வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்குப் போகும்போது சாக்லேட் டப்பாவோடு பிரேம் கடையில் வெட்டிய பட்டைகள் பத்து செட் எடுத்துப் போனால், ஒரு வகுப்பறைக்கு ஒரு மதியம் முழுக்க வேலை இருக்கும்.

செய்வதற்கு முன், வாங்குவதற்கு முன்: 5 விஷயங்கள்

1. குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருவத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒன்று மட்டும் குறுகியிருந்தால் கோணம் தவறு.

2. மூலைகளில் பகுதிகள் சேராமல் பிளவு தெரிந்தால், வண்ணத் துண்டுகள் கண்ணாடியின் நுனியை விட்டு விலகி இருக்கின்றன. அறையை உள்பக்கம் தள்ளிப் பொருத்துங்கள்.

3. ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி இருட்டாகவும் இருந்தால் துளை தவறான இடத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணாடிக் கருவியில் துளை மையத்தில் இருக்கக் கூடாது. கண்ணாடிகள் சேரும் மூலையை ஒட்டி இருக்க வேண்டும்.

4. துண்டுகள் 'டக்'கென்று விழுந்து உருவம் சட்டென்று மாறுவது பிடிக்கவில்லையா? வண்ணத் துண்டுகளைக் கசியாத சின்னக் கண்ணாடிக் குப்பியில் கிளிசரினோடு போட்டு மூடுங்கள். உருவம் மெதுவாக மலரும். அமெரிக்காவில் 1870-களில் சார்லஸ் புஷ் என்பவர் திரவம் நிரப்பிய கண்ணாடித் துண்டுகளைப் போட்டுக் காப்புரிமை வாங்கியதும் கலைடாஸ்கோப்புக்குத்தான்.

5. எந்தக் காரணத்துக்காகவும் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். பிள்ளைகளிடமும் கறாராகச் சொல்லுங்கள். வானத்தின் நீலப் பக்கமோ, வெள்ளைச் சுவரோ, ஜன்னல் வெளிச்சமோ போதும்.

படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க ஆசையா? போன் கேமராவின் லென்ஸை அந்தத் துளையில் ஒட்டிவைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். இப்போது கிடைத்த உருவத்தை உடனே எடுத்துவிடுங்கள். குழாயை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தாலும் அதே கோலம் திரும்ப வராது.